சில்லுகளுக்குள் பங்கீடு

சில்லு உருள்வதனால் வண்டி செல்கிறதா, வண்டி செல்வதனால் சில்லு உருள்கிறதா என்னும் கேள்வி முதலில் விளையாட்டுக் கேள்விபோலத் தோன்றும். ஆயினும் மனிதன் ஏறிச் சென்ற ஊர்திகளின் வரலாற்றிலே ஒரு பெரும்பகுதி இக்கேள்விக்குள் அடங்கிக் கிடக்கின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டு நேயர்களுக்கு அதனை விளக்கத் தூர தேசங்களிலிருந்து உதாரணம் தேட வேண்டுவதில்லை. மாட்டுவண்டி, புகையிரதம், மோட்டார்க் கார் ஆகிய மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக நோக்கினாற் போதும்.

சவாரித் திடலிலே பாய்ந்தோடும் வண்டியாயினும், தோட்டத்துக்கு எருவேற்றிச் செல்லும் வண்டியாயினும், மாட்டுவண்டியை முன்செலுத்துவது எருதின் தோள்வலி. சில்லுக்குரிய கடமை உருள்வது ஒன்றே. அச்சு அசையாது நிற்க, இரு சில்லுகளும் அதன்மேல் தனித்தனியே சுழல்கின்றன. ஒழுங்கையின் முடக்கிலே வண்டி திரும்பும்போது வெளிச்சில்லு விரைந்தும் உட்சில்லு தயங்கியும் சுழலும், ஒன்றையொன்று தடுப்பதில்லை. ஆலய வீதியிலே வலம்வரும் தேரின் சில்லுகளும் இவ்வாறு தத்தம் போக்கிற் சுழல்வனவே.

1905 ஆம் ஆண்டிலே கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரையும் புகையிரதப் பாதை தொடர்ச்சியாக இணைந்தது. அப்பாதையில் வந்த வண்டிகளின் சில்லுகள் வேறு வகையின. அங்கே இரு சில்லுகளும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தப்பட்டு ஒன்றாகவே சுழல்கின்றன. புகையிரதப் பாதையின் வளைவுகள் மிக அகன்றவை. அன்றியும் சில்லின் விளிம்பு சற்றே கூம்பு வடிவாகக் கடையப்பட்டிருப்பதனால், வளைவிலே வண்டி வெளிப்புறமாக நகரும்போது வெளிச்சில்லு தன் பெரிய விட்டத்திலும் உட்சில்லு தன் சிறிய விட்டத்திலும் உருள்கின்றன. தண்டவாளம் உள்ளவரை இது சிறந்த ஏற்பாடு. ஆனால் தண்டவாளம் இல்லாத தெருவில், நாற்சந்தியில் மடங்கித் திரும்ப வேண்டிய ஊர்திக்கு இது பொருந்தாது.

மோட்டார்க் காருக்கு நேர்ந்த இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகின்றது. காரை முன்செலுத்துவது சில்லே. ஆகவே எஞ்சினின் வலு சில்லுக்குச் சென்றாக வேண்டும். சில்லு மாட்டுவண்டிச் சில்லுப்போலச் சும்மா உருள முடியாது. அதேவேளை இரு சில்லுகளும் புகையிரதச் சில்லுகள்போல ஒன்றாய்ப் பிணைக்கப்படவும் முடியாது. இதனைக் கணக்கிட்டுப் பார்ப்பது எளிது. ஒரு காரின் இரு பின்சில்லுகளுக்கும் இடைப்பட்ட தூரம் 4 அடி எனவும், சில்லின் விட்டம் 2 அடி எனவும் கொள்வோம். சந்தியிலே கார் செங்கோணமாகத் திரும்புகையில் உட்சில்லு 20 அடி ஆரையுள்ள வட்டத்தின் காற்பங்கைக் கடப்பின், அது செல்லும் தூரம் ஏறத்தாழ 31.4 அடி. வெளிச்சில்லு 24 அடி ஆரையிலே செல்வதனால் அது கடப்பது 37.7 அடி. வித்தியாசம் 6.3 அடி; அஃதாவது அந்தச் சில்லின் சரியாக ஒரு முழுச்சுற்று. வளைவு அகன்றதாயினும் ஒடுங்கியதாயினும், செங்கோணத் திருப்பம் ஒவ்வொன்றிலும் இவ்வொரு சுற்று வேறுபடவே செய்யும். இரு சில்லுகளையும் ஒரே அச்சில் இறுக்கிவிட்டால் அந்த ஒரு சுற்று எங்கே போகும்? தெருவிலே தேய்ந்தே தீர வேண்டும். அன்றேல் அச்சு முறிய வேண்டும்.

இதற்குப் பரிகாரம் மோட்டார்க் கார் பிறப்பதற்கு முன்னரே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. பிரான்சு நாட்டவரான ஒனேசிபோர் பெக்கர் என்பவர் 1828 ஆம் ஆண்டிலே தாம் அமைத்த நீராவி வண்டிக்குப் பெற்ற காப்புரிமையில், இரு சில்லுகளுக்கும் வலுவைச் செலுத்திக்கொண்டே அவை வெவ்வேறு வேகத்திற் சுழல விடும் ஒரு பற்சில்லுத் தொகுதியையும் விவரித்திருந்தார். அரை நூற்றாண்டின் பின், 1877 இல், இங்கிலாந்தின் கொவென்றி நகரிலே ஜேம்ஸ் ஸ்ராளி என்பவர் மிதிவண்டிகளுக்கு அதனைப் பயன்படுத்தினார். தந்தையும் மகனும் அருகருகே அமர்ந்து ஆளுக்கொரு சில்லை மிதித்துச் சென்றபோது, இளைஞனுடைய மிதியின் வலுவினால் வண்டி ஒருபுறம் இழுபட்டதென்றும், அதிலிருந்தே அவருக்கு இவ்வெண்ணம் தோன்றியதென்றும் ஒரு கதை வழங்குகின்றது. 1886 இல் ஜேர்மனியிலே கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சில்லு மோட்டார் வண்டியிலும் இத்தொகுதி இடம்பெற்றிருந்தது. இன்று எந்த மோட்டார்ப் பட்டறையிலும் டிபரன்சியல் என்று வழங்கப்படுவது இதுவே. பின்னச்சின் நடுவிலே பூசணிக்காய்போலப் பருத்துத் தோன்றும் இரும்புக் கூட்டினுள் இது எண்ணெயில் மூழ்கிக் கிடக்கின்றது.

டிபரன்சியல் செய்யும் வேலையை ஒரு நுகத்தடியின் வாயிலாக விளங்கிக்கொள்ளலாம். நுகத்தடி ஒன்று ஏர்க்காலில் இறுகக் கட்டப்படாமல், நடுவிலே ஓர் ஆணியின்மேல் முன்னும் பின்னும் திரும்பத்தக்கதாக இருக்கின்றதென வைத்துக்கொள்வோம். ஒரு மாடு சிறிது முந்தினால் மற்றது சிறிது பிந்தலாம், வண்டி தடைப்படாது. டிபரன்சியலின் நடுவே உள்ள சிறு பற்சில்லுகள் இந்த நுகத்தடியை ஒத்தவை. அவற்றின் இருபுறத்திலும் வலச்சில்லின் அச்சும் இடச்சில்லின் அச்சும் கோத்து நிற்கின்றன. எஞ்சின், கூட்டைச் சுழற்றுகின்றது. கூடு, சிறு பற்சில்லுகளைத் தள்ளுகின்றது. அவை இருபுறத்தையும் சமமாகத் தள்ளுகின்றன. நேரான வீதியில் சிறு பற்சில்லுகள் தம்மளவிற் சுழல்வதில்லை. வளைவிலோ அவை மெல்லச் சுழன்று, ஒரு சில்லு இழந்த சுற்றை மற்றைய சில்லுக்குக் கொடுக்கின்றன. இரு சில்லுகளின் வேகங்களையும் கூட்டினால் வரும் தொகை என்றும் மாறாது, பங்குதான் மாறும்.

வேகத்தை இடத்துக்கேற்ப மாற்றிப் பங்கிடும் இக்கருவி, விசையை மட்டும் எப்போதும் சமமாகவே பங்கிடுகின்றது. கேட்பதற்கு இது நீதியாகவே தோன்றும். ஆனால் ஓர் இடத்தில் இந்நீதியே அநீதியாகிவிடுகின்றது. ஆணியிற் சுழலும் அந்த நுகத்தை மீண்டும் நினைவிற் கொள்ளலாம். ஒரு மாடு இழுக்க மறுத்துத் தளர்ந்துவிட்டால் நுகம் திரும்பிவிடும். மற்ற மாடு எவ்வளவு வலியதாயினும் அதன் வலிமை வண்டிக்குப் போய்ச் சேராது. சோம்பல் மாட்டின் இழுவை எவ்வளவோ, வலிய மாட்டின் இழுவையும் அவ்வளவே பயன்படும். அவ்வாறே, காரின் ஒரு பின்சில்லு ஈரக் களியிலும் மற்றது உறுதியான நிலத்திலும் நிற்குமாயின், களியிலுள்ள சில்லுக்கு எவ்வளவு பிடிப்பு உண்டோ அவ்வளவு விசையே உறுதியான நிலத்திலுள்ள சில்லுக்கும் கிடைக்கும். களிச்சில்லு இரட்டிப்பு வேகத்தில் வீணாய்ச் சுழலும். மற்றச் சில்லு அசையாது நிற்கும். சாரதி எஞ்சினை முடுக்க முடுக்கக் குழி ஆழமாகுமேயன்றிக் கார் நகராது.

குடாநாட்டு மக்கள் இதனை அறியாதவர்கள் அல்லர். மணற்காடு, வல்லிபுரம் முதலிய வடமராட்சி மணற்பரப்புகளிலும், மாரியில் நனைந்த வயற்கரைப் பாதைகளிலும் வண்டி புதைவது பழைய அனுபவம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்திலிருந்து வந்திறங்கிய ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் முதலிய கார்கள் யாழ்ப்பாணத்திலே நெடுங்காலம் வாழ்ந்தன. 1952 முதல் 1954 வரை உற்பத்தியான ஒஸ்ரின் ஏ-40 சமர்செற் காரின் எஞ்சின் வலு 42 குதிரைவலு மாத்திரமே. அதன் பின்னச்சில் இருந்தது சாதாரண டிபரன்சியல். இங்கிலாந்தின் தார் வீதிகளுக்கு அது போதும். ஆனால் அக்கார்களின் பிற்கால வாழ்க்கை தார் வீதியில் மாத்திரம் கழியவில்லை.

1990 ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. புகையிரதமும் நின்றது. புதிய வாகனங்கள் வரவில்லை. அப்போது யாழ்ப்பாணத்து மக்களைச் சுமந்தவை பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களுமே. காபரேற்றரிலே சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, பின் மண்ணெண்ணெயில் ஓட்டும் வழக்கம் அக்காலத்தில் எங்கும் பரவியது. அவ்வெஞ்சின்களின் அமுக்க விகிதம் தாழ்ந்ததாயிருந்தமையால் அவை மண்ணெண்ணெயையும் சகித்துக்கொண்டன. ஆனையிறவுப் பாதை அடைபட்டிருந்தமையால், குடாநாட்டை விட்டுச் செல்வோர் கிளாலிக் கரைவரை நிலத்தாற் சென்று, அங்கிருந்து இரவிலே படகேறிக் கடனீரேரியைக் கடந்தனர். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி தொடங்கிய பேரிடப்பெயர்வின்போது, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில், மாரி மழையிலே, செம்மணி வெளியினூடாகவும் நாவற்குழிப் பாலத்தினூடாகவும் தென்மராட்சியை நோக்கி நகர்ந்தனர். காரும் லொறியும் உழவு இயந்திரமும் மாட்டுவண்டியும் சைக்கிளும் கால்நடை மக்களும் ஒரே வீதியில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தன. வீதியின் ஓரத்தில் இறங்கிய ஒரு சில்லுக்குப் பிடிப்பு உண்டா இல்லையா என்பது, அத்தகைய வேளையில், நோயாளியும் முதியவரும் குழந்தையும் ஏறியிருந்த வண்டியொன்றின் கதியையே நிர்ணயிக்கக்கூடிய காரியமாகும்.

இதே குறைபாட்டை முற்றிலும் வேறான ஓர் இடத்திலே சந்தித்தவர்கள் பந்தயக் கார்களை அமைத்தவர்கள். இலங்கையிலே நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்ற ஓட்டம் தொடங்கிய 1934 ஆம் ஆண்டிலேயே, ஜேர்மனியின் ஓட்டோ யூனியன் நிறுவனம் பேர்டினண்ட் போர்ஷ அமைத்த 16 சிலிண்டர்ப் பந்தயக் காரைக் களத்தில் இறக்கியது. எஞ்சின் சாரதிக்குப் பின்னால் இருந்தது. அக்காலப் பந்தய விதிப்படி காரின் எடை 750 கிலோகிராமுக்கு மேற்படலாகாது. எஞ்சினுக்கோ விதியினால் எல்லை இடப்படவில்லை. 1936 ஆம் ஆண்டளவில் அக்காரின் வலு 520 குதிரைவலுவாக உயர்ந்தது. சமர்செற் காரின் வலுவிலும் இது 12 மடங்குக்கு மேற்பட்டது. இத்துணை வலுவை இரு ஒடுங்கிய ரயர்கள் தாங்க முடியவில்லை. வளைவிலே காரின் பாரம் வெளிச்சில்லின் மேற் சாய, உட்சில்லு இலேசாகிவிடும். இலேசான சில்லு பிடிப்பிழந்து சுழலும். மணிக்கு 160 கிலோமீற்றர் வேகத்திலுங்கூட ஒரு சில்லு இவ்வாறு வீணே சுழன்றதாகக் கூறுவர். களியில் அகப்பட்ட கார் எவ்வாறு நின்றதோ, அவ்வாறே இக்காரும் தன் வலுவின் பெரும்பகுதியைப் பயன்படுத்த முடியாது தவித்தது. ஒன்றில் வலு மிகுதி. மற்றதில் பிடிப்புக் குறைவு. நோய் ஒன்றே.

போர்ஷ 1935 இல் பிறீட்றிக்ஸ்காபன் நகரத்துப் பற்சில்லுத் தொழிற்சாலையின் உதவியை நாடினார். செப்பலின் ஆகாயக் கப்பல்களுக்குப் பற்சில்லு செய்வதற்கென 1915 இல் தோன்றிய தொழிற்சாலை அது. அங்கே உருவான கருவியிலே சிறு பற்சில்லுகளுக்குப் பதிலாக, அலைவடிவாக வெட்டப்பட்ட இரு வளையங்களும் அவற்றுக்கிடையே நெருக்குண்ட உருக்குக் கட்டைகளும் இருந்தன. இரு சில்லுகளின் வேகமும் சிறிது வேறுபட்டால் கட்டைகள் வழுக்கி இடங்கொடுக்கும். அளவுக்கு மீறி வேறுபட முயன்றால் உராய்வினால் இறுகி, ஓடும் சில்லைப் பிடித்துக்கொள்ளும். சில்லுகளுக்குச் சுதந்திரத்தை மறுக்காமல் அச்சுதந்திரத்துக்கு ஓர் எல்லை வகுத்தமையே இதன் புதுமை. ஆங்கிலத்தில் லிமிட்டெட் ஸ்லிப் டிபரன்சியல் என்று இதற்குப் பெயர். சறுக்கலை மட்டுப்படுத்தும் டிபரன்சியல் என்று தமிழிற் கூறலாம். 1936 ஆம் ஆண்டிலே பேர்ன்ற் றோஸ்மாயர் என்னும் சாரதி ஓட்டோ யூனியன் காரிலே ஐரோப்பிய வெற்றிவீரரானார்.

பந்தயத் திடலிற் பிறந்த இக்கருவி விரைவிலே மணலுக்கும் சேற்றுக்கும் வந்து சேர்ந்தது. இரண்டாம் உலகப் போரிலே ஜேர்மன் இராணுவம் பயன்படுத்திய கியூபல்வாகன் என்னும் இலேசான வண்டியின் எஞ்சின் ஏறத்தாழ 25 குதிரைவலுவையே தந்தது. அதன் பின்சில்லுகள் இரண்டே வலுப்பெற்றவை. ஆயினும் வட ஆபிரிக்க மணலிலும் உருசியச் சேற்றிலும் அது ஓடியது. குறைந்த எடை அதற்கு ஒரு காரணம். பின்னச்சில் இருந்த இவ்வகை டிபரன்சியல் மற்றொரு காரணம். போரின்பின் அமெரிக்காவிலே 1956 ஆம் ஆண்டில் பக்காட் கார்களிலும், அடுத்த ஆண்டில் செவ்ரலே முதலிய கார்களிலும் இது விலைகொடுத்துப் பெறத்தக்க உறுப்பாகியது. பனிபடர்ந்த வீதியில் வாழ்வோரும் வேகத்தை விரும்புவோரும் ஒருங்கே அதனை வாங்கினர்.

அமெரிக்காவிற் பரவிய வகை, தட்டுகளாலானது. டிபரன்சியற் கூட்டினுள் மெல்லிய உருக்குத் தட்டுகள் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. ஒருவகைத் தட்டு கூட்டோடு சுழல்வது. மற்றவகைத் தட்டு சில்லின் அச்சோடு சுழல்வது. சிறு பற்சில்லுகளைத் தாங்கும் குறுக்குத் தண்டு, சாய்வான ஒரு வெட்டினுள்ளே கிடக்கின்றது. எஞ்சின் வலுவோடு தள்ளும்போது தண்டு அச்சாய்வில் ஏற முயன்று, இருபுறத் தட்டுகளையும் நெருக்குகின்றது. நெருக்குண்ட தட்டுகள், கூட்டைவிட விரைந்து சுழலும் அச்சைப் பின்னிழுத்து, மந்தமாகச் சுழலும் அச்சை முன்தள்ளுகின்றன. வீணாய் ஓடுவதிலிருந்து பறித்து, உழைக்க வல்லதற்குக் கொடுக்கும் பங்கீடு இது. வெட்டின் சாய்வை மாற்றினால் இறுக்கத்தின் அளவும் மாறும். ஆகையாற் பந்தயக் காரின் பொறியியலாளர், ஒவ்வொரு திடலின் வளைவுகளுக்கும் ஏற்ப அதனைத் திருத்திக்கொள்ள முடிகின்றது. தட்டுகள் காலப்போக்கிற் தேய்வதும், அவற்றுக்கெனத் தனி எண்ணெய் வேண்டியிருப்பதும் இதன் குறைகள்.

தட்டுகளே இல்லாமற் பற்சில்லுகளின் உராய்வினாலேயே இக்காரியத்தைச் சாதிக்கும் வழியை அமெரிக்கரான வேர்னன் கிளீஸ்மன் கண்டார். அவரது காப்புரிமை 1958 ஆம் ஆண்டுக்குரியது. திருகாணியும் அதன் பற்சில்லும் போன்ற அமைப்பு அது. திருகாணி பற்சில்லை எளிதிற் சுழற்றும். பற்சில்லோ திருகாணியை எளிதிற் சுழற்ற முடியாது. அந்த இயல்பையே அவர் பயன்படுத்தினார். டோசன் என்று இன்று வழங்கும் இக்கருவியின் ஆற்றல் ஒரு விகிதத்தால் அளக்கப்படும். விகிதம் 3 எனக் கொண்டால், வழுக்கும் சில்லு 10 அலகு விசையைத் தாங்க வல்லதாயின் மற்றச் சில்லுக்கு 30 அலகு செல்லும், மொத்தம் 40. சாதாரண டிபரன்சியலில் இது 10 உம் 10 உமாக 20 அலகு மாத்திரமே. ஆயினும் இதிலும் ஒரு வரம்பு உண்டு. ஒரு சில்லு நிலத்தை விட்டு முற்றாக எழும்பிவிட்டால் அதன் பிடிப்பு பூச்சியம். பூச்சியத்தின் மும்மடங்கும் பூச்சியமே. அதனாலேயே சில கருவிகளில், ஆரம்ப இறுக்கத்துக்காக விற்சுருளோ தட்டோ கூடுதலாகச் சேர்க்கப்படுகின்றது.

இவ்வரலாற்றில் இலங்கை உழவனுக்கு நன்கு தெரிந்த பெயர் ஒன்றும் உண்டு. ஹரி பெர்குசன் என்னும் அயர்லாந்துக்காரரின் பெயரே அது. 1946 முதல் கொவென்றி நகரிலே அவருக்காக உற்பத்தியான சிறிய சாம்பல்நிற உழவு இயந்திரம் உலகெங்கும் பரவியது. 1953 இல் அவருடைய நிறுவனம் மாசி நிறுவனத்தோடு இணைய, மாசி பெர்குசன் என்னும் பெயர் வன்னி வயல்களிலும் வேரூன்றியது. உழவு இயந்திரத்தால் புகழ்பெற்ற அவர் தம் இறுதிக்காலத்தில், நான்கு சில்லுகளுக்கும் வலுவைப் பகிர்ந்து சறுக்கலைக் கட்டுப்படுத்தும் காரைப் பற்றியே சிந்தித்தார். அவர் 1960 இற் காலமானார். மறு ஆண்டு, 1961 செப்ரெம்பரிலே, அவருடைய எண்ணப்படி உருவான பெர்குசன் பி-99 என்னும் பந்தயக் கார், ஈரமான ஓல்ற்றன் பார்க் திடலிலே ஸ்ரேர்லிங் மொஸ் ஓட்ட வெற்றி பெற்றது. அவருடைய ஆராய்ச்சிக் குழுவினர், பிசுபிசுப்பான சிலிக்கன் திரவத்தில் துளையிட்ட தட்டுகளைச் சுழலவிட்டுச் சறுக்கலை மட்டுப்படுத்தும் முறையையும் பின்னர் வளர்த்தனர். தட்டுகள் வேகத்தில் வேறுபடும்போது திரவம் அவற்றைப் பற்றி இழுக்கும். 1980 களிலே பல வேகக் கார்கள் இம்முறையைக் கொண்டிருந்தன. சேற்று வயலிலே பெற்ற அறிவு பந்தயத் திடலுக்குச் சென்ற கதை இது.

உழவு இயந்திரத்தில் இந்நோய்க்குரிய மருந்துகள் நேரடியானவை. மாசி பெர்குசன் 135 போன்றவற்றில் சாரதியின் காலடியிலே ஒரு மிதி உண்டு. அதனை மிதித்தால் டிபரன்சியல் முற்றாகப் பூட்டப்பட்டு, இரு பெருஞ்சில்லுகளும் ஒன்றாகச் சுழலும். சேற்றிலிருந்து மீண்டதும் அதனை விட்டுவிடுதல் வேண்டும். பூட்டிய நிலையில் திரும்ப முயன்றால் இயந்திரம் நேரே போகவே வலியுறுத்தும். அன்றியும் வலச்சில்லுக்கும் இடச்சில்லுக்கும் தனித்தனிப் பிரேக்குகள் உண்டு. வீணாய்ச் சுழலும் சில்லை மாத்திரம் பிரேக்கினால் தடுத்தால், அத்தடையே பிடிப்புப்போல வேலைசெய்ய, மற்றச் சில்லுக்கு விசை பாயும். லாண்ட்மாஸ்ரர் என்று ஊரில் வழங்கும் இருசில்லு உழவு இயந்திரத்திலோ டிபரன்சியலே இல்லை. இரு சில்லுகளும் நேரே வலுப்பெறுகின்றன. திரும்ப வேண்டியபோது கைப்பிடியிலுள்ள நெம்பை அழுத்தி ஒரு சில்லின் வலுவை உழவனே துண்டிக்கின்றான். கருவி செய்யும் பங்கீட்டை அங்கே மனிதனின் விரல்கள் செய்கின்றன.

காரோட்டிகளிற் சிலர், சில்லு புதைந்தபோது கைப்பிரேக்கைச் சிறிது இழுத்துப் பிடித்தால் கார் மீளும் என நம்புவதுண்டு. கணக்கு இதற்கு இடங்கொடுப்பதில்லை. கைப்பிரேக்கு இரு பின்சில்லுகளையும் ஒரே அளவிற் பிடிக்கின்றது. வழுக்கும் சில்லின் தடையினால் மற்றச் சில்லுக்குக் கூடுதலாக வரும் விசையை, அச்சில்லின்மேல் இறுகிய பிரேக்கே விழுங்கிவிடும். ஒரு சில்லை மாத்திரம் பிடிக்கும் உழவு இயந்திரத்தின் முறையே மெய்யாகப் பயன்தருவது. இன்றைய புதிய கார்கள் பலவற்றில், ஒவ்வொரு சில்லின் வேகத்தையும் மின்னணுக் கருவிகள் அளந்து, வீணாய்ச் சுழலும் சில்லை மாத்திரம் தாமே பிரேக்கிடுகின்றன. உழவனின் கால் செய்ததை ஒரு சிறு கணினி செய்கின்றது என்பதே வேறுபாடு. விசேட கருவி எதுவும் இல்லாத பழைய ஒஸ்ரின் சாரதி, சில்லின்கீழ்ப் பனையோலையையோ சாக்கையோ இட்டுப் பிடிப்பை உண்டாக்கினாரெனின், அவரும் இதே விதியையே கைக்கொண்டார். வலிய சில்லுக்கு விசை கிடைக்க வேண்டுமாயின் வலிமையற்ற சில்லுக்கு ஏதேனும் ஒரு பற்றுக்கோடு வேண்டும்.

வேகக் காருக்கு இக்கருவி கட்டாயமானது என்பதனால், எல்லா வண்டிக்கும் அது நன்மையே செய்யும் என எண்ணுதல் பிழை. வழுவழுப்பான ஈர வீதியிலே சாதாரண டிபரன்சியல் உடைய காரில் ஒரு சில்லு சுழன்றாலும் மற்றது பக்கவாட்டுப் பிடிப்பைக் காத்து நிற்கும். இறுக்கம் மிகுந்த கருவி உடைய காரில் இரு சில்லுகளும் ஒருங்கே பிடிப்பிழந்து, காரின் பின்புறம் வீசப்படவும் கூடும். பழகிய பந்தயச் சாரதி அதனைச் சமாளிப்பார். ஏனையோருக்கு அது ஆபத்து. ஆகவே பொறியியலாளர் தேடுவது முழுச் சுதந்திரத்தையும் அன்று, முழுப் பிணைப்பையும் அன்று. இடத்துக்கும் பாரத்துக்கும் ஏற்ற அளவையே.

2009 இல் போர் முடிந்தபின் ஏ-9 வீதி நிலையாகத் திறக்கப்பட்டது. 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. 2014 இல் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதமும் மீண்டது. செப்பனிட்ட வீதிகளிலே புதிய கார்கள் விரைகின்றன. பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் தொகையிற் குறைந்து, பேணுவோரின் கைகளில் எஞ்சியுள்ளன. அவற்றின் எஞ்சினைப் பற்றியும் அவை குடித்த மண்ணெண்ணெயைப் பற்றியும் பேசுவோர் பலர்; பின்னச்சின் நடுவிலுள்ள இரும்புக் கூட்டைப் பற்றிப் பேசுவோர் அரியர். ஆனால் வண்டி சென்றதா நின்றதா என்பதைப் பல வேளைகளில் முடிவுசெய்தது எஞ்சினின் வலு அன்று. அவ்வலு இரு சில்லுகளுக்கும் எவ்வாறு பங்கிடப்பட்டது என்பதே. சமமாகப் பங்கிடுவது ஒன்று, பயன்படுமாறு பங்கிடுவது மற்றொன்று என்னும் பாடத்தை, பெக்கர் முதல் பெர்குசன் வரையுள்ள பொறியியலாளர்கள் நூற்றாண்டுக்கு மேற்பட்ட உழைப்பினாற் கற்றனர். அதே பாடத்தைச் சேற்றிலும் மணலிலும் நின்று கற்ற குடாநாட்டுச் சாரதிகளும் மெக்கானிக்குகளும் அவ்வரலாற்றில் இடம்பெறத் தக்கவர்களே.